பிச்சிப்பூப் பெட்டியில் வெள்ளைப் பொடி

அத்தியாயம் 5

முருகதாஸ் சிரித்தான். செல்வதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணமே இல்லாமல் வந்தது என்று எழுதினால் அது நாம் அவனுக்குக் காட்டும் தாட்சண்யம். காரணம் எதிரிலேயே, நீலச் சேலையில், கை நிறைய வாடிய பிச்சிப்பூவோடு நின்றுகொண்டிருந்தது. பெயர் பகவதி. முருகதாஸ் அவளைப் பார்த்துத்தான் சிரித்தான்.

சிரித்ததோடு போயிருக்கலாம். லாரியில் தாமரைக் கட்டுகளை ஏற்றிவிட்டு அவள் கடைப்பக்கம் வந்தவன், "காலைல வல்லதும் சாப்பிட்டியா பகவதி?" என்று கேட்டான்.

"தொண்டையில எறங்கல்ல," என்றாள் அவள்.

அவ்வளவுதான் பேச்சு. அவன் போய்விட்டான். செல்வதாஸ் நின்ற இடத்திலேயே வெந்தான். சாப்பிட்டியா என்று கேட்க என்ன பெரிய படிப்பு வேண்டும்? தானும் வந்து எவ்வளவு நேரமாக நிற்கிறோம், அது ஏன் தன் வாயில் வரவில்லை?

தோவாளைப் பூச்சந்தையில் காலை வியாபாரம் முடிந்து, தண்ணீர் அடித்துத் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். பகவதியின் கடை வாசலில் மட்டும் பெட்டிகள் அடுக்கியபடி கிடந்தன. வெளிநாட்டுக்கு விமானத்தில் போகவேண்டிய பிச்சி. சோதனைக் கொட்டகையில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அடைபட்டு, பழுப்பேறித் திரும்பியிருந்தது.

"மோந்து பாரு செல்வம். பூ மணமா இது?"

செல்வதாஸ் மோந்து பார்த்தான். மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டான். நாகர்கோவிலில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் நாற்பது வயது பிரம்மச்சாரி அவன். காணாமல் போன ஸ்கூட்டரையும் கல்யாணத்துக்கு முன்னால் காணாமல் போன மாப்பிள்ளைகளையும் கண்டுபிடித்துக் கொடுத்துப் பேர் வாங்கியவன். பகவதி அவனோடு கல்லூரியில் படித்தவள். அன்றைக்கே சொல்லவேண்டியதை அவன் சொல்லவில்லை. அவள் கல்யாணம் பண்ணி, புருஷனை விபத்தில் பறிகொடுத்து, அப்பாவின் பூக்கடையைக் கையில் எடுத்து, கடல் தாண்டிப் பூ அனுப்பும் அளவுக்கு வந்துவிட்டாள். இவன் இன்னும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து நேராகத் தோவாளைக்கு வந்து அவளிடம் பிச்சிப்பூ வாங்குவான். அந்தப் பூ உதவியாளர் அஜிதாவின் தலைக்குப் போகும்.

"எனக்கு வாற பூவு, சாரே, வேற தலைக்கு வாங்கினது. எனக்குத் தெரியும்," என்பாள் அஜிதா. மார்த்தாண்டத்துக்காரி. சட்டம் படித்தவள். கறுப்புக் கோட்டுக்குள் வேர்க்கிறது என்று கோர்ட்டை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவள். வாய் மட்டும் இன்னும் கோர்ட்டிலேயே இருக்கிறது.

விஷயம் இதுதான். களியக்காவிளையில் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் சோதனைக் கொட்டகை இருக்கிறது. விமானம் ஏறும் சரக்கை அங்கே பார்த்துத்தான் விடுவார்கள். போன மாதம் பகவதி முதன்முதலாக வெளிநாட்டுக்கு அனுப்பிய பெட்டிகளில் ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பொதி. பொதிக்குள் வெள்ளைப் பொடி. அன்றைக்கு ராத்திரியே வாரியம் அவசர விதி போட்டுவிட்டது. உதிரிப்பூப் பெட்டி எதுவானாலும் ஒரு நாள் முழுக்கத் தடுத்துவைத்த பிறகே ஏற்றலாமாம். பூக்காரர்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என்ன பொடி என்று கேட்டால், பாதுகாப்பு ரகசியம் என்றார்கள். விதியின் ஆயுள் நாளையோடு முடிகிறது. நாளைக் காலை வாரியக் குழு நாகர்கோவிலில் கூடி, நீட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்.

"நீட்டினா?" என்று செல்வதாஸ் கேட்டான்.

"ஓணத்துக்குப் பூ போகாது. ஆவணிக் கல்யாணத்துக்குப் போகாது. நான் கடையப் பூட்டி சாவியக் குடுத்திர வேண்டியதுதான்," என்றாள் பகவதி. "எனக்க வக்கீல்கிட்ட வாரியத்துல என்ன சொல்லுகாவ தெரியுமா? பெட்டிக்க உள்ள கை வச்சது யாருன்னு தெரியாத வரைக்கும் ஆபத்து அப்படியேதான் இருக்காம். அந்தக் கையை எனக்குக் கண்டுபிடிச்சுக் குடு செல்வம். வேற யாருட்ட போய்க் கேப்பேன்?"

வேற யாருட்ட போய்க் கேப்பேன். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு செல்வதாஸ் ஆரல்வாய்மொழி வரைக்கும் ஸ்கூட்டர் இல்லாமலே பறந்திருப்பான். கூடவே நின்ற அஜிதா சட்டையைப் பிடித்து இழுத்து டீக்கடைக்குக் கூட்டிப்போனாள்.

"முருகதாஸ்," என்றான் அவன், பெஞ்சில் உட்கார்ந்ததும்.

"டீ சொல்லுங்க சாரே, முருகதாஸ இங்க கிளாஸ்ல தரமாட்டாவ."

"உதிரிப்பூவுக்குத் தடை. தாமரைக்குத் தடை இல்ல. கவனிச்சியா? அவன் யாரு? தாமரை வியாபாரி. பகவதிக்க பெட்டியக் களியக்காவிளைக்குக் கொண்டுபோனது யாருக்க லாரி? அவனுக்க லாரி. கடை நொடிஞ்சா சல்லிசா வாங்கலாம். கடையோட சேத்து..." மீதியை அவன் சொல்லவில்லை.

"கடையோட சேத்து ஆளையும்," என்று அஜிதா முடித்தாள். "இது துப்பு இல்ல சாரே. கண்ணுகடி. வெறும் பொறாமை."

"கேலி வேண்டாம்ட்டி, சட்டம் சொல்லு. நாளைக்கு நாம என்ன காட்டணும்?"

அஜிதா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "உங்க வீட்ல தீப்பிடிச்சா நான் கேக்காம கதவ ஒடச்சு உள்ள வரலாம். அதுக்குப் பேருதான் அவசர விதி. கேக்க நேரம் இல்ல, அதனால கேக்கல. ஆனா தீ அணைஞ்ச பொறவும் உள்ள பாய விரிச்சுப் படுத்திருந்தேன்னா? எழும்பிப் போன்னு சொல்ல உங்களுக்கு உரிமை உண்டா இல்லியா? நீட்டணும்னா தீ இன்னும் எரியுதுன்னு அவங்க காட்டணும். நாம ரெண்டு காட்டணும். தீயே பிடிக்கல்லன்னு ஒண்ணு. கை யாருதுன்னு ஒண்ணு."

"தீயே பிடிக்கல்லன்னு எப்படிக் காட்டுவ? பொடியத்தான் ரகசியம்னு பூட்டி வச்சிருக்கானுவளே."

அஜிதா போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கி அவன் முன்னால் வைத்தாள். வாரியமே பத்திரிகைகளுக்குக் கொடுத்த படம். அதிகாரிகள் நான்கைந்து பேர் முகமூடி, கையுறை, பிளாஸ்டிக் அங்கியோடு பூப்பெட்டியைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவர் தூரத்திலிருந்தே விரலை நீட்டிக் காட்டுகிறார். பின்னால் கொட்டகைக் காவலாளி ஒருவர், காக்கிச் சட்டையில்.

"எல்லாருக்கும் மூக்கு மூடியிருக்கு. இந்த மனுஷனுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. நெத்தியப் பாருங்க."

புருவ நடுவிலிருந்து மேல்நோக்கி, சுடர் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. நாமம்.

"ஐயாவழிக்காரரு. காலைல குளிச்சுப் போட்டிருப்பாரு," என்றான் செல்வதாஸ்.

"படம் எடுத்தது சாயங்காலம். சட்டை முழுக்க வேர்த்து ஒட்டியிருக்கு. நெத்தி வேர்க்காதா? அந்தக் கோடு ஒரு இடத்துலகூட அழியல்ல. இப்பதான் போட்ட மாதிரி இருக்கு. வேலை நேரத்துல, சோதனைக் கொட்டகைக்குள்ள, அவருக்கு நாமம் எங்கேந்து கிடைச்சுது?"

செல்வதாஸ் டீயை வைத்துவிட்டு எழுந்தான். இப்படியொரு கண் தனக்கு இருந்து, அதைப் பகவதி பார்த்து மெச்சியிருக்கக் கூடாதா என்று ஒரு நொடி அஜிதாமேலேயே பொறாமைப்பட்டான். பொறாமைக்கு ஆள் பேதம் கிடையாது போலும்.

களியக்காவிளையில் டீ குடிக்காத காவலாளி உண்டா? கொட்டகை வாசல் டீக்கடைக்காரரிடம் அஜிதா போனில் விசாரித்தாள். கிருஷ்ணமணி, ஐயாவழிக்காரர்களின் கோயிலான பதி இருக்கும் சாமிதோப்புக்குப் பக்கத்து ஊர், இன்றைக்கு அவருக்கு விடுமுறை என்று எல்லாம் வந்துவிட்டது.

அவர்கள் போனபோது கிருஷ்ணமணி முற்றத்தில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கைத் தொலி உரித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். வாரியம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் இருண்டது.

"எனக்கொண்ணும் தெரியாது தம்பி. பேசப்பிடாதுன்னு உத்தரவு."

"நீங்க பேசண்டாம் அண்ணாச்சி, நான் பேசுகேன்," என்றாள் அஜிதா, அவர் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து. "மேலுக்கு நல்லா இருக்கியளா? காய்ச்சல், மயக்கம், வாந்தி?"

"எனக்கு என்ன கேடு?"

"இல்ல, ஒரு விமானத்தையே அழிக்கப்போற பொடிய நெத்தியில பூசிட்டு, ஒரு மாசமா மரச்சீனி தின்னுட்டு நடக்கியளே, அதனால கேட்டேன்."

கிருஷ்ணமணியின் கையிலிருந்த கத்தி கிழங்கின் பாதியில் நின்றது. பிறகு அவருக்குக் கோபம் வந்தது. ஒரு மாதமாக அடைத்துவைத்த கோபம்.

"பொடியா? ஏ மக்கா, அது ஐயாக்க நாமமாக்கும்! பதியில குடுக்க நாமம். பொதியத் தொறந்தது நான்தான். கண்டதும் கும்பிட்டு எடுத்து நெத்தியில தொட்டேன். கையில வந்த நாமத்த இட்டுக்காம இருப்பேனா? ஆபீசர் கண்டுட்டு, பொடி பொடின்னு கூவிட்டு ஓடினாரு. வெள்ளை மண்ணு சார், சாமி காரியம் சார்னு சொன்னேன். நீ வெளிய நில்லுன்னாரு."

"பொறவு?"

"பரிசோதனைக்கு அனுப்பினாவ. மண்ணு எங்க போனாலும் மண்ணுன்னுதான வரும்? வந்த பொறவு ஒருத்தரும் வாயத் தொறக்கல்ல. விதியப் போட்டாச்சு, பேப்பர்ல படம் வந்தாச்சு. இனி மண்ணுன்னு எந்த மூஞ்சிய வச்சுட்டுச் சொல்லுவாவ?"

செல்வதாஸ் குனிந்தான். "எதுல பொதிஞ்சிருந்துது அண்ணாச்சி?"

"தாமரை இலையில."

செல்வதாஸுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் தாமரைக்குளங்களைக் குத்தகைக்கு எடுத்திருப்பவன் ஒரே ஒருத்தன்தான். ஆண்டவரே, நன்றி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். ஜெபத்தில் சொல்லக்கூடிய காரணம்தானா என்று யோசிக்கவில்லை.

"பெட்டியில எங்க இருந்துது?" என்று அஜிதா கேட்டாள்.

"மேலதான். நட்ட நடுவுல. பொதிமேல ஒத்தப் பிச்சி வச்சிருந்துது. ஆரோ நல்ல மனசோட வச்சதுன்னு நெனச்சேன்."

நாளைக்குக் குழுவின் முன்னால் வருவீர்களா என்று கேட்டபோது அவர் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விடும் என்ற பயம். அஜிதா சொன்னாள்: "நீங்க சாட்சி சொல்ல வரண்டாம். தெனமும் இடுகது மாதிரி நாமம் இட்டுட்டு வந்து முன்னால உக்காருங்க. படத்த நான் காட்டுகேன். உங்க ஆளே அள்ளிப் பூசின பொடிக்கு ஊருக்கெல்லாம் எதுக்கு அவசர விதின்னு நான் குழுவப் பாத்துக் கேக்கேன். அவங்களே உங்களப் பாத்துக் கேட்டா, உள்ளதச் சொல்லுங்க."

"உள்ளதச் சொல்லப் பயமில்ல மக்கா," என்றார் கிருஷ்ணமணி. "யாரும் கேக்கல்லியேன்னுதான் வருத்தம்."

திரும்பும் வழியெல்லாம் செல்வதாஸ் ஸ்கூட்டரைப் பறக்கவிட்டான். பின்னாலிருந்து அஜிதா காது கிழியக் கத்திக்கொண்டே வந்தாள்.

"சாரே, கெடுக்க வந்தவன் அடியில ஒளிப்பான், மேல வைப்பானா? கெடுக்க வந்தவன் பொதிமேல பூ வைப்பானா?"

"கள்ளனுக்க புத்தி உனக்குத் தெரியாது!"

"தெரியல்லதான். நாமத்த வச்சு ஒருத்தன் கேடு செய்வானா இந்த ஊர்ல? அதுக்குத் தைரியம் உண்டா எவனுக்காவது?"

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதுக்கும் மனசுக்கும் நடுவில் முருகதாஸ் நின்றுகொண்டிருந்தான், சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டு.

வெயில் சாய்கிற நேரம். முருகதாஸ் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மறுநாளைக்கான மொட்டுகளைப் பறித்துக்கொண்டிருந்தான். செல்வதாஸ் கரையில் நின்று, சினிமாவில் போலீஸ் நிற்பதுபோல் இடுப்பில் கைவைத்து, ஒரே கேள்விதான் கேட்டான்.

"நாமத்தப் பெட்டியில வச்சது நீருதானா வேய்?"

முருகதாஸ் மறுக்கவில்லை. மொட்டுக் கட்டைக் கரையில் வைத்தான். ஏறி வந்து ஈரத்தோடு வரப்பில் உட்கார்ந்தான்.

"நான்தான்."

செல்வதாஸுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வாழ்க்கையில் வந்ததில்லை. அதை அனுபவிக்க அவனுக்கு ஒரு மூச்சு நேரம்தான் கிடைத்தது.

"மொத மொதல்ல வெளிநாட்டுக்குப் பெட்டி போகுது," என்றான் முருகதாஸ். "பதிக்கு ஒருக்கப் போகணும், போகணும்னு பகவதி சொல்லிட்டே இருந்தா. வேலையில போக முடியல்ல. நான் போனேன். எங்க வீட்ல அந்த வழக்கம் இல்ல, கேட்டீரா. சட்டையக் கழத்திட்டு, தலைப்பாக் கெட்டிட்டுத்தான் உள்ள போகணும். எனக்குக் கெட்டத் தெரியல்ல. பின்னால நின்ன ஆளு கெட்டிவிட்டாரு. நாமம் வாங்கிட்டு வந்தேன். பெட்டி ஈரமா இருக்கும், கரைஞ்சிரப்பிடாதுன்னு தாமரை இலையில பொதிஞ்சேன். அவகிட்ட சொல்லல்ல. பெட்டி நல்லபடியாப் போய்ச் சேரட்டும், பொறவு சொல்லலாம்னு இருந்தேன்."

"பொறவு ஏன் சொல்லல்ல?"

"எப்படிச் சொல்ல? தெனமும் சொல்லணும்னுதான் கடைக்குப் போறேன். அவ கண்ணு நெறஞ்சு கரையுத மொகத்தக் கண்டா நாக்கு எழும்பல்ல. சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வந்திருகேன்."

அஜிதா செல்வதாஸைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்தாள். செல்வதாஸ் எதையும் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி, கட்டத் தெரியாத தலைப்பாகையோடு, தனக்கு வழக்கமில்லாத இடத்தில், அவளுக்காகப் போய் நின்றிருக்கிறான். தான் என்ன செய்தோம்? வாராவாரம் காசு கொடுத்துப் பூ வாங்கினோம்.

"நாளைக்கு வந்து சொல்லுவியளா அண்ணே?" என்று அஜிதா கேட்டாள். "வாரியம் பாத்து அனுப்புக பெட்டியில கேக்காம கை வச்சதுக்கு உங்க சரக்கு லைசென்ச எடுத்திருவாவ. கேசு போட்டாலும் போடுவாவ."

"எடுக்கட்டும். ஒரு மாசமா செத்துட்டுத்தான இருக்கேன். சொல்லுகேன்." அவன் எழுந்தான். பிறகு செல்வதாஸின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னான். "ஒண்ணு மட்டும். குழு கதவடச்சுத்தான விசாரிக்கும்? பகவதிகிட்ட எனக்க பேரச் சொல்லண்டாம். அவளுக்க பூவ அழிச்சது எனக்க கை. தெரிஞ்சா எனக்க மொகத்துல முழிக்கமாட்டா."

துணி மாற்ற அவன் குளத்தோரக் கொட்டகைக்குள் போனான்.

"முடிஞ்சுது சாரே," என்றாள் அஜிதா. "அவசரமும் இல்ல, கையும் தெரிஞ்சாச்சு. இனி வேணும்னா பூக்காரங்களையெல்லாம் கூப்பிட்டு உக்காத்தி வச்சுக் கேட்டு, முறையா விதி போடட்டும். விடியட்டும், கேசு நம்மது."

அந்த நேரம் பார்த்துச் செல்வதாஸின் போன் அடித்தது. பகவதி.

"வல்லதும் தெரிஞ்சுதா செல்வம்?"

"தெரிஞ்சுது. நாளைக்கு உனக்க பூவு பறக்கும்."

மறுமுனையில் அவள் விம்மியது கேட்டது. அவன் நெஞ்சு நிறைந்தது. இந்த இடத்தில் போனைத் துண்டித்திருந்தால் அவன் நல்லவன். "யாரு செல்வம் அது? எவன் எனக்க பெட்டியில கை வச்சான்?" என்று அவள் கேட்டாள். சொல்லண்டாம் என்று முருகதாஸ் கேட்டுக்கொண்டது செல்வதாஸுக்கு நினைவில் இருந்தது. நன்றாகவே இருந்தது. ஆனாலும் உள்ளே ஒன்று கடித்துக்கொண்டே இருந்தது. பொய் சொல்லப்போவதில்லையே, உள்ளதைத்தானே சொல்லப்போகிறோம், பாதிதானே என்று அது சொன்னது. மீதிப் பாதியை அவள் எங்கே போய்த் தெரிந்துகொள்வாள்? தனக்கு இவ்வளவு கேடு செய்தவன் என்று ஒருத்தன்மேல் ஒருமுறை வெறுப்பு விழுந்துவிட்டால் போதும்.

"முருகதாஸ்," என்றான்.

அஜிதா வெடுக்கென்று திரும்பினாள்.

"முருகதாஸா?"

"அவன்தான். உனக்குத் தெரியாம பெட்டியத் தொறந்து உள்ள வச்சிருக்கான். அதனாலதான் இவ்வளவும்."

"என்னத்த வச்சாரு?"

"நாமம். சாமிதோப்பு நாமம்."

செல்வதாஸ் காத்திருந்தான். திட்டுவாள். சபிப்பாள். இனி அவன் கடை வாசலை மிதிக்கக்கூடாது என்பாள். நீ ஒருத்தன்தான் செல்வம் எனக்கு என்பாள். அதற்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்றுகூட அவன் யோசித்துவிட்டான்.

"பதிக்குள்ள சட்டையில்லாமலா போனாரு?" என்றாள் பகவதி. "தலைப்பா வேற கெட்டினாரா அவரு? அவருக்கு வேட்டியே ஒழுங்காக் கெட்டத் தெரியாதே செல்வம்..." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது, அழுகை மறுபடியும் சிரிப்பானது. "எனக்காகவா போனாரு? எனக்காகவா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"பக்கத்துல இருக்காரா? போன அவருகிட்ட குடு."

முருகதாஸ் உலர்ந்த வேட்டியோடு கொட்டகையிலிருந்து வந்துகொண்டிருந்தான். செல்வதாஸ் போனை நீட்டினான். யார் என்று கேட்டவனுக்கு, "பகவதி. எல்லாம் சொல்லியாச்சு," என்றான். முருகதாஸ் பயந்துபோய் ஓரடி பின்வாங்கினான்.

"பிடியும் வேய்," என்று செல்வதாஸ் எரிந்து விழுந்தான். "அவ காத்துட்டிருக்கா."

முருகதாஸ் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு குளத்தோரமாக நடந்தான். முதலில் தயங்கித் தயங்கிப் பேசினான். பிறகு தயக்கம் போய்விட்டது. நடுவில் ஒருமுறை சத்தமாகச் சிரித்தான். செல்வதாஸ் வரப்பில் உட்கார்ந்தான். அஜிதாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதை அவன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான்.

பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. அவனுக்கு வயிறு எரிந்தது. போனை அவன் திருப்பிக் கேட்கவில்லை.